அமாவாசைக்கு வருகிற எதிரணி

இன்று அமாவாசை. எதிர்வீட்டு நண்பர் சாயங்காலம் சினிமாவுக்கு வருகிறீர்களா என்று கேட்டார். அமாவாசையன்று நான் வெளியே கிளம்புவதில்லை என்றேன். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனுஷரா என்று ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போனார். தெருவில் எல்லாருமே என்னை நாள் நட்சத்திரம் பார்க்கிற ஆசாமி என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. பாதி உண்மைதானே. மீதிப் பாதியை உங்களிடம் சொல்லலாம் போலிருக்கிறது.

தெருமுனை சைக்கிள் கடையில் பங்க்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ரப்பர் சொல்யூஷன் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. எனக்கு அது சைக்கிள் வாசனை அல்ல, கால்பந்து வாசனை. அந்தக் காலத்துப் பந்துக்குள் ஒரு ரப்பர் பை இருக்கும். மேலே தடித்த தோல். வாயைச் செருப்புத் தைப்பதுபோல வாரால் இழுத்துக் கட்ட வேண்டும். பைக்கு ஒட்டுப் போட்டுப் போட்டு, கடைசியில் பையைவிட ஒட்டுதான் அதிகம் என்று ஆகிவிடும். ஒட்டுப் போட்டவன் நான். சமஸ்கிருதக் கல்லூரியின் கால்பந்து செகரட்டரி.

சிரிக்காதீர்கள். சின்ன காஞ்சிபுரத்தில் அப்போது ஒரு சமஸ்கிருதக் கல்லூரி இருந்தது. நாற்பது பேர் படித்தோம். எல்லாருக்கும் குடுமி, நெற்றியில் திருமண். தர்க்கமும் வியாகரணமும் பாடம். சர்வகலாசாலையிலிருந்து பார்வையிட வந்த ஒருவர், பையன்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள், ஏதாவது விளையாட்டு வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஒரு பந்தும் காற்றடிக்கும் பம்பும் வந்து சேர்ந்தன. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வெறுங்காலோடு உதைக்க ஆரம்பித்தோம். உதைப்பதில் நான் ரொம்ப சுமார். அதனால்தான் என்னைச் செகரட்டரி ஆக்கினார்கள். பந்தைத் துரத்த முடியாதவன் எதிரணியைத் துரத்தட்டுமே என்று காப்டன் சடகோபன் நினைத்திருக்க வேண்டும்.

துரத்தத்தான் வேண்டியிருந்தது. எங்கள் கல்லூரிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. பழைய பாடசாலை வழக்கப்படி பிரதமை, அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசை இவைதான் லீவு. அன்றைக்குப் பாடம் சொன்னால் வித்தை தங்காது. ஞாயிற்றுக்கிழமை தர்க்க வகுப்பு அமோகமாக நடக்கும். ஜில்லாப் போட்டியில் பெயர் கொடுத்தோம். முதல் ஆட்டம் ஞாயிறு என்று அச்சடித்து வந்தது. நாங்கள் போகவில்லை. அடுத்த வருஷமும் ஞாயிறு. மூன்றாவது வருஷம் எங்கள் பெயரையே எடுத்துவிட்டார்கள். ஆக, எங்களோடு ஆட வேண்டுமென்றால் போட்டிக்கு வெளியே யாராவது மனம் வைத்து வந்தால்தான் உண்டு. யாரும் வராததால் நாங்களே இரண்டு கட்சி பிரிந்து காம்பௌண்டுக்குள் உதைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பௌர்ணமியன்று சடகோபன் உதைத்த பந்து சமையற்கட்டின் புகைக்கூண்டுத் திறப்பு வழியே இறங்கி, சாற்றுமுது என்று நாங்கள் சொல்கிற ரசம் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில் விழுந்தது. தோல் பந்து! சமைத்த அவ்வளவு தளிகையையும் கொட்டிவிட்டு, பாத்திரங்களைத் தேய்த்து, அடுப்பைக் கழுவி, மறுபடி அரிசி களைந்து... அன்று நாற்பது பேரும் சாப்பிட மாலை நாலு மணி ஆயிற்று. பிரின்சிபால் சுவாமியும் பட்டினி. அவர் பெரிய பண்டிதர். கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்று எங்களுக்குக் கேட்கவே இல்லை. கிட்டப் போய் நின்ற பிறகுதான் கேட்டது.

"எதிராளி உண்டுன்னா அது விளையாட்டு. இல்லேன்னா வெறும் லூட்டி. மாசம் ஒரு தரம், தவறாம, வெளியிலேர்ந்து ஒரு கோஷ்டி வந்து உங்களோட ஆடறதுன்னா ஆடுங்கோ. தை பொறக்கறதுக்குள்ளே அப்படி ஒண்ணு அமையலேன்னா, பந்தை என் அலமாரியிலே வெச்சுப் பூட்டிடுவேன்."

"அடியேன் பார்த்து ஏற்பாடு பண்றேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்போது ஐப்பசி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. சடகோபன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவனுக்கு அது கடைசி வருஷம். பந்தைத் தவிர அவனுக்கு அங்கே பிடித்த விஷயம் வேறு இருந்ததாகத் தெரியவில்லை. இலக்கணச் சூத்திரத்தைக்கூடக் காலால் தாளம் போட்டுத்தான் மனப்பாடம் பண்ணுவான். பந்து பூட்டப்பட்டால் இவன் என்ன ஆவான் என்று எனக்குக் கவலை வந்தது. அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன். சுற்றுவட்டாரத்தில் பந்து உதைக்கிற ஒருவரை விடுவதில்லை.

ஒரு நோட்டுப் போட்டேன். எங்கெங்கே கால்பந்து அணி இருக்கிறது, அவர்களுக்கு என்றைக்கு லீவு என்று விசாரித்து எழுதினேன். ஊரிலேயே இருந்த ஹைஸ்கூல் பையன்கள் பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள். சடகோபனுக்கு அவர்கள்மேல்தான் கண். ஆனால் அவர்களுக்கு ஞாயிறு. வாலாஜாவில் ஒரு நல்ல அணி இருந்தது. அவர்களுக்கு வெள்ளி. வெள்ளிக்கிழமையும் அஷ்டமியும் சேர்ந்து வர நாங்கள் தவம் கிடக்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து பதிலே இல்லை.

"ஏண்டா, ஆள் தேடச் சொன்னா நீ நாள் தேடிண்டிருக்கியே! ஒரு ஞாயித்துக்கெழமை கிளாஸுக்கு டிமிக்கி கொடுத்துட்டு ஹைஸ்கூலோட ஆடிடுவோம்" என்றான் சடகோபன்.

"ஒரு ஞாயிறு டிமிக்கி கொடுக்கலாம். மாசா மாசம் கொடுக்க முடியுமா? அவர் கேட்டது தவறாம வர்றவாளை" என்றேன்.

எங்கள் நிலைக்குப் பொருத்தமாக ஓர் அணி கிடைத்தது. அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள். முறை மாற்றி வேலை செய்கிறவர்களாதலால் முன்கூட்டிச் சொன்னால் எந்தக் கிழமையும் வருவார்கள். நேரே ரயில் வேறு. தபால் எழுதினேன். வருகிறோம், தேதி சொல்லுங்கள் என்று பதில் வந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். கல்லூரிப் பஞ்சாங்கம் பிரின்சிபால் அறையில் மாட்டியிருக்கும். உள்ளே போகப் பயம். சடகோபன் வீட்டுப் பஞ்சாங்கத்தில் அஷ்டமி என்றைக்கு என்று பார்த்துச் செவ்வாய்க்கிழமை என்று எழுதிப் போட்டுவிட்டேன். அவர்கள் வீட்டில் திருக்கணிதம். கல்லூரியிலோ வாக்கியம். இரண்டும் சில நாள் ஒரே திதியை அடுத்தடுத்த நாளில் காட்டும். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதை வைத்துப் பெரியவர்கள் போடுகிற சண்டையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இருந்தும் புத்தி அன்று வேலை செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மணி அடித்த பிறகுதான் அன்று லீவு இல்லை என்று தெரிந்தது; அவர்களைத் தடுக்க நேரமில்லை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் சத்தம். பதினோரு பேர், தோளில் பூட்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். நான் எழுந்து ஓடினேன்.

"இன்னாய்யா இது, எங்கள வரச் சொல்லிட்டு நீங்க உள்ள குந்திக்கினு சுலோகம் படிச்சிக்கினு இருக்கீங்க?" என்றார் அவர்களுடைய காப்டன்.

"இன்னிக்கு அஷ்டமின்னு நெனச்சேன். நாளைக்குத்தான் அஷ்டமியாம்" என்றேன்.

அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். யாரும் சிரிக்கக்கூட இல்லை. "ராத்திரி டூட்டி பாத்துட்டு அப்பிடியே வந்தவங்கய்யா இவங்க. நாளிக்கி எப்பிடிப்பா வர்றது?" என்று கேட்டுவிட்டு வாசல்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லாரும் எழுந்து ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்கள். உள்ளே பாடம் நிற்கவில்லை. ஓர் ஆளை வரச்சொல்லிவிட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புவதைவிட அவமானம் வேறு இல்லை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. மன்னிப்புக் கேட்டு மூன்று கார்டு போட்டேன். பதில் இல்லை.

கார்த்திகை அமாவாசை வந்தது. கல்லூரி லீவு. சடகோபன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் கால் போன போக்கில் நடந்து பெரிய காஞ்சிபுரம் தாண்டி, நெசவாளர் தெருக்களான பிள்ளையார்பாளையம் வரை போய்விட்டேன். அந்தத் தெருக்களில் எப்போது போனாலும் தறிச் சத்தம் கேட்கும். வீட்டுக்கு வீடு தடக் தடக்கென்று. அன்று ஒரு சத்தமும் இல்லை. எதையோ மறந்துவிட்டதுபோல இருந்தது. யாராவது பெரியவர் தவறிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். தெருக் கோடியில், தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுகிற பெரிய திடலில், இருபது பேர் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

பழந்துணியைச் சுற்றிக் கட்டின பந்து. ஆனால் ஆட்டம் சுத்தமான ஆட்டம். பந்து என் பக்கம் உருண்டு வந்தது. எடுக்க வந்த வாலிபனுக்கு என் வயதுதான் இருக்கும். அகலமான தோள். பெயர் ஏகாம்பரம். புடவையின் கரையையும் உடலையும் இருவர் சேர்ந்து நெய்கிற கோர்வைத் தறியில் உட்காருகிறவன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏன் இன்னிக்குத் தறி ஓடலை?" என்று கேட்டேன்.

"அமாவாசைல எவன் சாமி தறில உக்காருவான்? எங்களுக்கு லீவுன்னா மாசத்துல இந்த ஒரு நாளுதான்."

எனக்கு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. அரக்கோணம் வரை கார்டு போட்ட மகா புத்திசாலி, ஒரு மணி நடையில் இருந்தவர்களை நோட்டில் எழுதவே இல்லை. அவர்கள் கால்பந்து ஆடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. வெட்கப்பட வேண்டிய உண்மை. ஆனாலும் சூடு கண்ட பூனையாயிற்றே. உடனே கேட்டேன்: "நீங்க எந்தப் பஞ்சாங்கம்?"

"பஞ்சாங்கமா? தறி நின்னா அமாவாசை" என்றான் ஏகாம்பரம்.

அன்று சாயங்காலமே ஆடினோம். நான் ஓடிப்போய் எங்கள் பதினோரு பேரையும் தோல் பந்தையும் அழைத்துவந்தேன். நாலு கோல் போட்டுத் தோற்கடித்தார்கள். சடகோபன் ஒருவன்தான் எங்கள் மானத்தைக் காப்பாற்ற ஒன்று திருப்பிப் போட்டான். முடிந்ததும் அவர்கள் ஒரு முறத்தில் வேர்க்கடலை கொண்டுவந்து வைத்தார்கள். பச்சைக் கடலை, தோலோடு. வறுத்தோ அவித்தோ கொடுத்தால் நாங்கள் கை நீட்ட மாட்டோம் என்று அவர்களே எங்களுக்காக யோசித்திருக்கிறார்கள். அப்போது அதை வெறும் கடலையாகத்தான் தின்றேன். 

மறுநாள் கல்லூரியில் ஒரே புகைச்சல். நெசவாளர்களோடு தொட்டு ஆடுவதா என்று இரண்டு உபாத்தியாயர்கள் கொதித்தார்கள். பிரின்சிபால் சுவாமி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தோலைத் தொட்டாச்சு. அதுக்கே குளிக்கணும். ஒரு தோஷத்துக்கு ஒரு ஸ்நானம் போறும், ரெண்டு வேண்டாம்" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு தரம் வந்தவன் விருந்தாளி. மறு மாசம் வர்றானான்னு பார்ப்போம்" என்றார்.

தீர்ப்பை ஏகாம்பரத்திடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களத் தொட்டுட்டு நாங்களுந்தான் சாமி குளிக்கிறோம். உங்க வேர்வ நாத்தம் லேசுல போவுதா?" என்று சிரித்தான். அவனோடு இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

மார்கழி அமாவாசைதான் பரீட்சை. அதற்குப் பிறகு தை வந்துவிடும். இந்தத் தடவை பயத்தை விட்டு பிரின்சிபால் அறைக்கே போய்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன்.  அமாவாசை புதன்கிழமை நண்பகலுக்குமேல் பிறந்து வியாழன் நண்பகல் வரை இருந்தது. விடியும்போது எந்தத் திதியோ அதுதான் எங்கள் கல்லூரிக்குக் கணக்கு. அதனால் எங்களுக்கு வியாழன். ஏகாம்பரத்தைப் போய்க் கேட்டேன். அவர்களுக்குப் பட்டும் கூலியும் கொடுக்கிற மாஸ்டர் வீட்டில் புதன்கிழமையே படையல், தறி புதன்கிழமைதான் நிற்கும் என்றான்.

"வியாழக்கிழமை வர முடியாதா?" என்றேன்.

அவன் தெருவின் இரண்டு சாரி வீடுகளையும் திரும்பிப் பார்த்தான். கோர்வைத் தறியில் ஒருவர் எழுந்தால் கூட இருப்பவர் கையும் நின்றுவிடும். பதினோரு பேர் எழுந்தால் பதினோரு தறி. அதுவும் லீவு எடுத்த மறுநாளே. மாஸ்டர் வாசலில் நின்று என்ன கேட்பார் என்று எனக்கே தெரியும்.

"எங்க மாஸ்டரு என்னா சொல்வாருன்னு தெரியலியே சாமி. பாக்கலாம், போங்க" என்றான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கே திடலுக்குப் போய்விட்டோம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். சடகோபன் பந்தின்மேல் உட்கார்ந்திருந்தான். நான் அங்குமிங்கும் நடந்தேன். வராவிட்டால் வீடு வீடாகப் போய் நிற்பது, பிரின்சிபாலிடம் போய்க் கெஞ்சுவது, அலமாரிச் சாவியை ஒளித்துவைப்பது என்று வரிசையாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு ஒரு வீட்டில் தறி நின்றது. பிறகு எதிர்ச்சாரியில் ஒன்று. அப்புறம் வரிசையாக. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்று.

ஏகாம்பரம் கை கால்களை உதறிக்கொண்டே வந்தான். "தறிக் குழில தொங்கிக்கினு கெடந்த காலு சாமி, கொஞ்சம் இருங்க, நிமிரட்டும்." பந்தின் வார் அறுந்து தொங்குவதைப் பார்த்தான். மடியிலிருந்து பட்டு நூல் கழிவை எடுத்து முறுக்கி, இரண்டே நிமிஷத்தில் பந்து வாயை இழுத்துக் கட்டினான். அரக்குச் சிவப்பு. அவ்வளவு அழகான பந்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது திடல் ஓரத்தில் ஒரு குடை தெரிந்தது. பிரின்சிபால் சுவாமி, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, "உங்களுக்கு நேத்திக்கில்லையோ அமாவாசை?" என்று கேட்டார்.

"ஆமாங்க சாமி. நேத்து எங்களுது. இன்னிக்கி உங்களுது" என்றான் ஏகாம்பரம்.

அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை நின்றார். பந்து பூட்டப்படவில்லை. அதற்குப் பிறகு எங்கள் நாளும் அவர்கள் நாளும் முட்டிக்கொண்ட மாதங்களில், அவர்களுடைய அமாவாசையன்று மூன்று மணிக்கு, "கண் எரியறது, இன்னிக்குப் பாடம் போறும்" என்று ஓலையை மூடிவிடுவார். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. சடகோபன் படிப்பை முடித்துத் திருநெல்வேலிப் பக்கம் போகும்வரை ஆடினான். நான் நாலு வருஷம் செகரட்டரி. என் நோட்டில் நிரந்தர எதிரணி என்ற தலைப்பின்கீழ் ஒரே பெயர்தான். அவர்கள் ஒரு அமாவாசைகூடத் தவறவில்லை. நாங்களும் தவறவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கர்வம் வருகிறது.

பிறகு எனக்குப் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத பண்டிதர் வேலை கிடைத்தது. சனி, ஞாயிறு லீவு. குடுமி போய்க் கிராப்பு வந்தது. அமாவாசை என்றைக்கு என்று பார்ப்பதே நின்றுபோயிற்று. மூன்று வருஷம் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் சேவகர், "மத்தியானம் உங்களத் தேடிக்கினு காஞ்சிவரத்துலேர்ந்து ஒருத்தரு வந்தாருங்க. பாடம் நடக்குது, உள்ள விடக் கூடாதுன்னேன். கேட்டாண்டையே ரொம்ப நேரம் நின்னாரு" என்றார்.

"என்ன சொன்னார்?"

"'அமாவாசையாச்சே, சாமிக்கு லீவா இருக்கும்னு வந்தேன். சரி, பரவாயில்ல'ன்னுட்டுப் போயிட்டாருங்க."

அடுத்து ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வந்த அமாவாசைக்குக் காஞ்சிபுரம் போனேன். அதற்கு நாலு மாதம் ஆயிற்று. தெருவில் சத்தம் இல்லை. அமாவாசைதானே என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். ஏகாம்பரம் வீடு பூட்டியிருந்தது. அமாவாசைக்கு எங்காவது போயிருக்கிறானா என்று பக்கத்து வீட்டு அம்மாளைக் கேட்டேன். "அமாவாசைல்லாம் எங்க சாமி? பொடவ வாங்க ஆளே இல்லாம தறி நின்னு மாசம் ஆறாவுது. தெனமும் அமாவாசதான். அவரு ஏதோ வேல தேடிக்கினு பட்டணம் போனாரு. தெரிஞ்சவங்க இருக்காங்கன்னாரு. போனவரு வரல, பொண்டாட்டி புள்ளைங்கள அவங்க மாமன் வந்து இட்டுக்கினு போயிட்டாரு."

தெரிஞ்சவங்க என்று அவன் சொன்னது என்னைத்தான்.

பட்டணத்தில் எங்கெல்லாமோ தேடினேன். மில் வாசல்களில், துறைமுகத்தில், கால்பந்து நடக்கிற மைதானங்களில். பழைய வேகத்தோடு கார்டுகளும் போட்டேன். கிடைக்கவில்லை. அந்தக் கல்லூரி இன்று இல்லை. இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். திடலில் வீடுகள் வந்துவிட்டன. சடகோபனிடமிருந்து கடிதம் வந்தே பல வருஷம் ஆகிறது. அரக்குச் சிவப்பு நூல் கட்டின பந்து எந்தச் சமையற்கட்டில் எரிந்ததோ.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே ஒரு காலண்டர் வாங்கி, அமாவாசைகளுக்கு வட்டம் போட்டுவைத்தேன். வருஷா வருஷம் அப்படிச் செய்கிறேன். திருக்கணிதத்துக்கும் வாக்கியத்துக்கும் வித்தியாசம் வருகிற மாதத்தில் இரண்டு நாளுக்கும் வட்டம் போட்டுவிடுவேன். அந்த நாட்களில் வெளிக்கதவைத் தாழ்போடுவதில்லை. நான் வெளியே போவதும் இல்லை. மணி நாலாகிறது. காப்பி கலக்கச் சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார வேண்டும்.